காளான்: உணவா, மருந்தா?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வரப்பிலும் வைக்கோற்போரின் அடியிலும் தலைகாட்டும் காளான், இந்திய மக்களிடையே நெடுங்காலமாக இரண்டு உணர்ச்சிகளை எழுப்பி வந்திருக்கிறது. ஒன்று நாவின் ஆசை. மற்றொன்று நஞ்சின் அச்சம். அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துள்ளது. காளான் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையே அது. ரெய்ஷி, கார்டிசெப்ஸ், ஷிட்டாகே முதலிய பெயர்களைத் தாங்கிய தூள்களும் குளிகைகளும் காளான் கலந்த காப்பித் தூளும் இன்று தாராளமாக விற்பனையாகின்றன. புற்றுநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் என எந்த நோயின் பெயரும் அவ்விளம்பரங்களில் விடுபடுவதில்லை.

இவற்றை நம்பலாமா என்று குடியானவர் விரிவுப் பணியாளரைக் கேட்கிறார். மாணவனின் தந்தை பள்ளி ஆசிரியரைக் கேட்கிறார். இருவரும் மருத்துவர் அல்லர். ஆயினும் ஊரார் பார்வையில் இவர்கள் விஞ்ஞானத்தின் பிரதிநிதிகள். இவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அரசாங்கத்தின் சொல்லுக்குரிய மதிப்பு ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே, என்ன விடை கூறுவது என்பதில் தெளிவு வேண்டும். காளானை உணவாகத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்யலாம். மருந்தாகச் சிபாரிசு செய்வது களப்பணியாளரின் வேலையன்று. இன்றுவரை நடந்துள்ள ஆராய்ச்சி அதற்கு இடந்தரவும் இல்லை. இவ்வாறு கூறுவது ஆராய்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. ஆராய்ச்சி எதைக் கண்டது, எதைக் காணவில்லை என்பதை உள்ளபடி எடுத்துரைப்பதே அதற்குச் செய்யும் மரியாதையாகும்.

பூஞ்சையிலிருந்து வந்த மருந்துகள்

காளான் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. பூஞ்சைகளிலிருந்து மனித குலம் பெற்றுள்ள மருந்துகள் பல. 1928-ஆம் ஆண்டு அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின் அவற்றுள் தலையாயது. இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் ஒரு மண் பூஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்டு, 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ வேறொரு பூஞ்சையில் 1970-களில் நடத்திய தேடலே இவ்வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது.

காளானிலிருந்தே நேராகப் பிறந்த மருந்துக்கு நல்ல சான்று புளூரோமூட்டிலின் என்ற பொருளாகும். பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் இப்பொருள் 1951-இல் ஒருவகைக் குடைக்காளானில் கண்டறியப்பட்டது. அதன் இரசாயன அமைப்பைச் சற்றே மாற்றி உருவாக்கிய தியாமூலின், 1979-இல் கால்நடை மருந்தாயிற்று. தோற்புண்ணுக்கான ரீட்டபாமூலின் களிம்பு 2007-இல் அனுமதி பெற்றது. நுரையீரல் அழற்சிக்கு வாய்வழியாகவும் நரம்புவழியாகவும் கொடுக்கத்தக்க லெபாமூலின் 2019-இல்தான் வந்தது. காளானில் ஒரு குணம் காணப்பட்ட நாளுக்கும் அது நோயாளியின் உட்கொள்ளும் மருந்தான நாளுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன.

இந்த எழுபது ஆண்டுகளில் நடந்தது என்ன? குணந்தரும் பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு அறியப்பட்டது. அளவு வகுக்கப்பட்டது. நச்சுத் தன்மை சோதிக்கப்பட்டது. பின்னர் நோயாளிகளிடம் பிற மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகே அது மருந்து என்ற பெயர் பெற்றது. அந்தக் காளானைச் சமைத்து உண்டு நுரையீரல் நோய் நீங்கியவர் எவருமில்லை. 'காளானில் மருந்து இருக்கிறது' என்பதும் 'காளானே மருந்து' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவது மெய்யான இடத்திலும் இரண்டாவது பெரும்பாலும் மெய்யாவதில்லை.

லோவாஸ்டாட்டின் சிப்பிக் காளானிலும் உண்டு என்ற செய்தி பல துண்டுப் பிரசுரங்களில் காணப்படுகிறது. செய்தி உண்மைதான். ஆனால் அதன் அளவு இனத்துக்கு இனம், வளர்ப்புக்கு வளர்ப்பு மாறுபடுகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளான் கறியை நம்பலாம் என்று இதற்குப் பொருள்கொள்வது பெருந்தவறு.

ஜப்பானின் அநுபவம்

தனிப்பொருளாகப் பிரிக்காமல், காளானின் சாற்றையே சிகிச்சையில் பயன்படுத்திப் பார்த்த நாடுகளில் ஜப்பான் முதன்மையானது. ஷிட்டாகே காளானிலிருந்து எடுத்த லெண்டினான் என்ற பீட்டா குளுக்கான், சுண்டெலிகளின் கட்டிகளைச் சுருக்குவதாக 1969-இல் கோரோ சிஹாராவும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். 1985-இல் அது வயிற்றுப் புற்றுநோய்க்குப் பிற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கும் ஊசி மருந்தாக அங்கே அனுமதிக்கப்பட்டது. டிராமீட்டஸ் வெர்சிகலர் என்ற மரக்காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்னும் பொருள் அதற்கு முன்பே, 1977-இல் அனுமதி பெற்றிருந்தது.

பி.எஸ்.கே. பற்றிய ஆராய்ச்சிகளில் ஒன்று 1994-இல் 'லான்செட்' ஏட்டில் வெளியாயிற்று. வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 262 பேர் அதில் பங்கேற்றனர். அறுவைக்குப் பின் வழக்கமான இரசாயன மருந்தை மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 60 பேர். அதனுடன் பி.எஸ்.கே.யும் பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேர்.

இஃது அலட்சியப்படுத்தத்தக்க முடிவன்று. ஆயினும் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். அந்நோயாளிகள் அனைவரும் கத்திச் சிகிச்சை பெற்றவர்கள். அனைவரும் இரசாயன மருந்து உட்கொண்டவர்கள். காளான் பொருள் அவற்றுக்குத் துணையாக நின்றது. அவற்றின் இடத்தை அது பிடிக்கவில்லை. அது கடைத் தூளும் அன்று. வரையறுத்த முறையில் தயாரிக்கப்பட்டு, மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. இம்முடிவைத் தன் புட்டியின் மேலொட்டில் அச்சிடும் வியாபாரி, முடிவின் பாதியை மட்டுமே அச்சிடுகிறார்.

இந்தியச் சந்தையில் மிகுதியாகப் பேசப்படும் ரெய்ஷி, அதாவது கானோடெர்மா, பற்றிய சான்று இதனினும் மெலிந்தது. மருத்துவப் பரிசோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோயாளிகளிடம் கானோடெர்மாவைச் சோதித்த ஐந்து பரிசோதனைகள், மொத்தம் 373 பேர், கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதை முதல்நிலைச் சிகிச்சையாகக் கொள்ளப் போதிய ஆதாரமில்லை என்பதே முடிவு. வழக்கமான சிகிச்சையோடு துணைப்பொருளாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற அளவோடு அவ்வாய்வு நின்றது. அதற்கு முந்திய ஆண்டு, இருதய நோய்க்குக் காரணமான இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் அதன் பலனை ஆராய்ந்த மற்றொரு காக்ரேன் மதிப்பீடு, 398 பேர் பங்கேற்ற ஐந்து பரிசோதனைகளைப் பார்த்து, அதைச் சிபாரிசு செய்ய ஆதாரமில்லை என்று கூறிற்று.

மூன்று படிகள்

அப்படியாயின், காளான் புற்றுநோயை அழிக்கிறது என்று நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் கூறுவது எவ்வாறு? விடை எளிது. அவற்றுட் பெரும்பாலானவை மனிதரைப் பற்றியவை அல்ல.

மருந்து ஆராய்ச்சிக்கு மூன்று படிகள் உண்டு. முதற்படி கண்ணாடித் தட்டு; அதில் வளரும் உயிரணுக்களின் மேல் சாற்றை ஊற்றிப் பார்ப்பது. இரண்டாம் படி எலி முதலிய பிராணி. மூன்றாம் படி மனிதர். கண்ணாடித் தட்டிலுள்ள புற்றணுவைக் கொல்வது அருஞ்செயலன்று. உப்பைக் கரைத்து மிகுதியாக ஊற்றினாலும் அது மடியும். வாயால் உண்ட பொருள் இரைப்பையின் அமிலத்தையும் குடலையும் ஈரலையும் கடந்து, தக்க அளவில் கட்டியைச் சென்றடைந்து, மற்ற உறுப்புகளைக் கெடுக்காமல் வேலை செய்யுமா என்பதே கேள்வி. அதற்குக் கண்ணாடித் தட்டு விடை கூறாது. எலியும் பாதி விடையே கூறும்.

இந்திய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம். பலாமரத் தண்டில் கட்டைபோல் வளரும் பெல்லினஸ் இனக் காளான்கள் நாட்டு வைத்தியத்தில் நெடுநாளாக இடம்பெற்றுள்ளன. மகாராஷ்டிரத்தில் இதற்குப் 'பன்சோம்பா' என்று பெயர். கேரளத்தில் வளரும் இவ்வகையொன்றைத் திருச்சூரிலுள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆராய்ந்து, அதன் சாறு சுண்டெலிகளின் கட்டிகளைக் கட்டுப்படுத்துவதாக 2003-இல் வெளியிட்டனர். பழங்குடி மக்களும் கிராம வைத்தியரும் அறிந்திருந்த ஒன்றை ஆராய்ச்சிக்கூடத்திற்குக் கொண்டுவந்த இத்தகைய பணி போற்றத்தக்கது, தொடர வேண்டியது. ஆனால் அஃது இரண்டாம் படியில் நிற்கிறது. இரண்டாம் படியில் நிற்பதை மூன்றாம் படியில் ஏற்றிக் காட்டுவது, மனிதரிடம் மெய்ப்பிக்கப்படாததை மெய்யென்று விற்பதாகும்.

பெயரில் உள்ள குழப்பம்

காளான் மருந்துகளைப் பற்றிய மற்றொரு தொல்லை பெயர். சீனத்தில் 'லிங்ஜி' என்று புகழ்பெற்ற காளானை விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகக் 'கானோடெர்மா லூசிடம்' என்றே எழுதிவந்தனர். சீனத்தில் பயிரிடப்படுவது ஐரோப்பிய லூசிடத்தினின்றும் வேறான இனம் என்று கண்டு, 2012-இல் அதற்குக் 'கானோடெர்மா லிங்ஜி' என்று தனிப்பெயர் சூட்டினர். எனவே பழைய கட்டுரைகளில் ஒரே பெயரால் வழங்கப்பட்டவை ஒரே பொருளா என்பதே ஐயத்துக்குரியதாயிற்று. நிபுணர்களுக்கே இக்குழப்பம் என்றால், தூளாக்கிப் புட்டியில் அடைத்தபின் உள்ளே இருப்பது எது என்று வாங்குவோர் அறிவது எங்ஙனம்?

தமிழகத்துத் தென்னை விவசாயிக்குக் கானோடெர்மா புதிய பெயரன்று. 1952-இல் தஞ்சை மாவட்டத்தில் முதன்முதலாகக் குறிக்கப்பெற்ற 'தஞ்சாவூர் வாடல் நோய்', இக்குலத்தைச் சேர்ந்த பூஞ்சைகளால் வேரும் அடித்தண்டும் அழுகுவதால் வருவது. தோப்பின் எமனாக அறியப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒன்றைப் பண்ணையில் வளர்க்கச் சொல்லும்போது, எந்த இனம், எங்கிருந்து வந்த வித்து, எஞ்சிய கழிவை எவ்வாறு அழிப்பது என்ற கேள்விகளைக் களப்பணியாளர் முதலிற் கேட்க வேண்டும்.

கார்டிசெப்ஸின் நிலையும் இத்தகையதே. உத்தரகண்ட மாநிலத்தின் பித்தோரகர், சமோலி மாவட்டங்களில், பனி உருகும் காலத்தில் மலைவாழ் மக்கள் உயர்ந்த புல்வெளிகளுக்கு ஏறிச் சென்று 'கீடா ஜடி'யைத் தேடுகின்றனர். மண்ணிலுள்ள ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவைப் பற்றிக் கொன்று, அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சை அது. அளவுக்கு மீறிய சேகரிப்பு காரணமாக அது 2020-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு எளிதில் இலக்காகும் இனமாகச் சேர்க்கப்பட்டது. மலைப் பூஞ்சை இது. அறைக்குள் தானியத்தின்மேல் வளர்த்து விற்கப்படுவதோ 'கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ்' என்னும் வேறோர் இனம். ஒன்றின் புகழை மற்றொன்றின் விலைக்கு ஆதாரமாக்குவது முறையன்று.

அப்புகழும் எவ்வாறு வந்தது? 1993-ஆம் ஆண்டு சீனத்தின் தேசிய விளையாட்டுப் போட்டியில் அந்நாட்டு ஓட்ட வீராங்கனைகள் உலக சாதனைகளை அடுத்தடுத்து முறியடித்தனர். புழுப்பூஞ்சையும் ஆமை இரத்தமுமே அவர்களுக்கு வலிமை தந்தன என்று பயிற்சியாளர் கூறினார். உலகெங்கும் இச்செய்தி பரவிற்று. வீராங்கனைகள் கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் பழைய கடிதமொன்று 2016-இல் சீனத்தில் வெளிவந்தது. தடைசெய்யப்பட்ட ஊக்க மருந்துகளை உட்கொள்ளும்படி தாங்கள் வற்புறுத்தப்பட்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது. முதற்செய்தியை அறிந்தோரில் பலர் இரண்டாவதை அறியார்.

'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்

காளான் விளம்பரங்களில் மிகுதியாக அடிபடும் சொல் 'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்பது. எதிர்ப்புச் சக்தியென்பது குடத்து நீர்போல நிரப்ப நிரப்ப நன்மை தருவதன்று. அது மிகுந்தும் தவறியும் செயற்பட்டால், உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும். சிலவகை மூட்டு வீக்கமும் வேறு பல நோய்களும் அவ்வாறு வருவன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவருக்கு அச்சக்தியை அடக்கி வைத்தால்தான் புது உறுப்பு நிலைக்கும்.

இவ்வாறு அடக்கும் புகழ்பெற்ற மருந்தாகிய சைக்ளோஸ்போரின் ஒரு பூஞ்சையிலிருந்தே கிடைத்தது. நார்வே நாட்டு மண்ணில் 1969-இல் சேகரித்த பூஞ்சை அது; மருந்து 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வண்டின் புழுக்களில் வளரும் கார்டிசெப்ஸ் வகையொன்றே இப்பூஞ்சையின் மற்றொரு பருவம் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு நோய்க்கு 2010-இல் அனுமதிக்கப்பட்ட பிங்கோலிமாட் என்ற மருந்தும், பூச்சிகளைப் பற்றும் மற்றொரு பூஞ்சையின் பொருளைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. அதுவும் எதிர்ப்பு அணுக்களின் நடமாட்டத்தைக் குறைப்பதேயன்றிப் பெருக்குவதன்று. புழுப்பூஞ்சைக் குடும்பத்தின் உறவினரிடமிருந்து வந்த மெய்யான மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவையாக இருக்க, அக்குடும்பத்தின் பெயராலேயே எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் தூள் விற்கப்படுவதை ஆசிரியர் தம் வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

தீங்கு என்ன என்பார்க்கு

'பலன் இல்லாவிடினும் தீங்கில்லையே. நோயாளிக்கு ஒரு தெம்பு கிடைக்குமல்லவா?' என்று கேட்போர் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இக்கேள்விக்குப் பொறுமையுடன் விடை கூறவேண்டும்.

முதல் தீங்கு காலம். புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டு சிகிச்சை செய்தால் குணமடைவோர் பலர். மூன்று மாதம் தூளைத் தின்று காத்திருந்தபின் வருவோருக்கு அவ்வாய்ப்புக் குறைகிறது. குணமாக்கத்தக்க புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விடுத்து மாற்று மருந்துகளை மட்டும் நாடியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று கண்டனர். அவ்வாராய்ச்சி காளானை மட்டும் பற்றியதன்று. எனினும் அதன் பாடம் காளானுக்கும் பொருந்தும்.

இரண்டாம் தீங்கு உடலுக்கு. கானோடெர்மாத் தூளை உட்கொண்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வளரும் இடத்திலுள்ள காட்மியம், ஆர்ஸெனிக் போன்ற நச்சு உலோகங்களைக் காளான் தன்னுள் சேர்த்துக்கொள்வதும் அறியப்பட்டதே. மூன்றாம் தீங்கு பணம். கடன் வாங்கிச் சிகிச்சை செய்யும் குடும்பத்தில், மருந்தல்லாத ஒன்றுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் மருந்துக்கோ பாலுக்கோ பயன்பட்டிருக்க வேண்டிய ரூபாயாகும்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. புற்றுநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. ஊட்ட உணவுப் பொருள்கள் மருத்துவ உபயோகத்துக்கு உரியவையல்ல என்று அவற்றின் மேலொட்டில் அச்சிட வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்வரியைத் தேடிப் படிக்கும்படி வாங்குவோருக்குச் சொல்வதே ஒரு நல்ல தொடக்கம்.

காளான் வளர்ப்போர் தரப்பிலிருந்தும் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 'மருந்தென்று சொன்னால்தானே நல்ல விலை கிடைக்கும்?' என்பர். ஒரு பருவத்துக்கு விலை கிடைக்கலாம். மெய்ப்பிக்கப்படாத சொல்லை நம்பிக் கட்டிய சந்தை, அச்சொல் பொய்க்கும் நாளில் சரியும். அப்போது நட்டமடைவது விளம்பரம் செய்த வியாபாரி அன்று. கொட்டகை போட்டு, கடன்பட்டு வித்து வாங்கிய குடியானவரே. விளைந்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாய்மொழியாக உறுதி கூறுவோரிடம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்கும்படி களப்பணியாளர் அறிவுறுத்துவது நலம்.

துணிந்து சொல்லத் தக்கவை

காளானைப் பற்றித் தயங்காமல் சொல்லத்தக்க நற்செய்திகள் இல்லாமலில்லை. கொழுப்பும் மாச்சத்தும் குறைந்து, நார்ச்சத்தும் பி-வகை வைட்டமின்களும் பொருந்திய உணவு அது. உலர்ந்த நிலையில் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் புரதம் உண்டு. இங்கும் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எனவே 100 கிராம் பச்சைக் காளானில் கிடைக்கும் புரதம் 2 முதல் 3 கிராம் அளவினதே; 100 கிராம் துவரம் பருப்பிலோ 20 கிராமுக்கு மேல் உண்டு. காளான் பருப்புக்கு ஈடு என்று கூறுவது தவறு. பருப்போடு சேர்த்து உண்ண நல்ல உணவு என்று கூறுவது சரி.

இன்னொரு செய்தி ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும். காளானில் எர்கோஸ்டிரால் என்ற பொருள் உண்டு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமின் டி-2 ஆக மாறுகிறது. இருட்டறையில் வளர்த்த காளானில் இவ்வைட்டமின் மிகக் குறைவு. அதையே நறுக்கி, நண்பகல் வெயிலில் 15 நிமிடம் முதல் ஒரு மணிவரை வைத்தால், 100 கிராமில் 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உண்டாகக் கூடும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இது மனிதரிடமும் சோதிக்கப்பட்டது. ஒளிபட்ட காளானை உண்டோரின் இரத்தத்தில் அவ்வைட்டமின் உயர்ந்தது. ஒரு தட்டும் வெயிலும் போதுமான இச்செயல், விலையுயர்ந்த குளிகை எதனினும் உறுதியான ஆதாரத்தின்மேல் நிற்கிறது.

வளர்ப்பு முறையிலும் இந்தியாவுக்கு நீண்ட அநுபவம் உண்டு. கோயம்புத்தூரில் 1940-களின் தொடக்கத்திலேயே வைக்கோல் காளான் வளர்க்கும் முறை ஆராயப்பட்டது. இமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1983-இல் தேசிய ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் தோன்றி, இன்று காளான் ஆராய்ச்சி இயக்ககமாக வளர்ந்துள்ளது. வெப்பமான இடங்களுக்கு ஏற்ற பால் காளான் இந்நாட்டு மண்ணுக்கே உரிய இனமாகும். நிலமில்லாத குடும்பமும் ஒரு கொட்டகையில் வைக்கோலைக் கொண்டு வளர்க்கத்தக்க உணவுப் பயிர் இது என்பதே அதன் பெருமை. அப்பெருமைக்கு மருத்துவப் புனைவு தேவையில்லை.

காட்டுக் காளான்

காளான் நோய் தீர்க்கும் என்ற பேச்சு பரவப் பரவ, காட்டில் முளைப்பதைப் பறித்து உண்ணும் ஆசையும் வளரும். இங்கே களப்பணியாளர் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். அஸ்ஸாமில் 2022 ஏப்ரலில் நச்சுக் காளானை உண்டு 13 பேர் இறந்தனர். தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தோர் அவர்களுட் பலர்.

வெள்ளிக் காசு கறுத்தால்தான் நஞ்சு, பூச்சி அரித்தது நல்லது, கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்பன போன்ற நம்பிக்கைகள் அனைத்தும் பொய்யானவை. அமானிட்டா இனத்துக் கொடிய காளான்களின் நஞ்சு சமைப்பதால் அழிவதில்லை. உண்டு ஆறு மணிக்கு மேலான பின்பே வாந்தியும் பேதியும் தோன்றும். பிறகு அவை தணிந்து, நோயாளி தேறியதுபோலத் தோன்றுவார். அந்நேரத்திலேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஆதலின் காளான் உண்டபின் வாந்தி கண்டவரை, தேறிவிட்டார் என்று வீட்டில் வைத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உண்ட காளானின் மிச்சத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தம் காட்டை அறிந்த பழங்குடியினரின் அறிவு அவ்விடத்துக்கும் அவ்வினத்துக்கும் உரியது. படத்தைப் பார்த்துப் பிறர் அதைப் பின்பற்றுதல் ஆகாது.

களத்தில் செய்ய வேண்டியது

காளான் மருந்தைப் பற்றி யாரேனும் கேட்கும்போது, களப்பணியாளரும் ஆசிரியரும் அவரிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். சோதனை யாரிடம் நடந்தது: தட்டிலா, எலியிடமா, மனிதரிடமா? சோதிக்கப்பட்டது எது: இந்தப் புட்டியில் உள்ளதா, மருத்துவமனையில் கொடுத்த வேறொன்றா? எதனோடு ஒப்பிட்டனர்: மற்றச் சிகிச்சையை நிறுத்தியவரோடா, அதைத் தொடர்ந்தவரோடா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை இல்லாத இடத்தில், பணத்தை முடிச்சிலேயே வைத்திருப்பது அறிவுடைமை. உயர்நிலைப் பள்ளி மாணவரும் இக்கேள்விகளைக் கேட்கப் பழகலாம். பழகினால் காளானுக்கு மட்டுமன்றி, நாளை வரும் வேறெந்த அதிசய மருந்துக்கும் அவை பயன்படும்.

நோயாளி ஏற்கெனவே தூளை வாங்கி உண்டுவருபவராயின், அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. 'அம்மா, இதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்' என்று சொன்னாற் போதும். இச்சொல் அவருடைய நம்பிக்கையைக் கெடுப்பதில்லை; உயிரைக் காக்கக் கூடும்.

இந்நாட்டுக் காடுகளில் இன்னும் ஆராயப்படாத காளான்கள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து நாளை நல்ல மருந்து பிறக்கலாம். அது பிறக்கும் நாளில், அளவு குறித்த மருந்தாக, மருத்துவரின் சீட்டோடு மக்களிடம் வரும். அதுவரை காளான் சமையலறையில் இருக்கட்டும்.